சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்

எஸ்.பி.எம். எழுதும் வயது பதினேழு. நம்மில் பெரும்பாலோர் அந்த வயதில் முந்தைய ஆண்டுக் கேள்வித்தாள்களோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தோம், அல்லது இப்போது மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறோம். 1872-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி, அதே பதினேழு வயதில் எடின்பரோவைச் சேர்ந்த ஓர் இளைஞர் லண்டன் ஓவல் திடலில் ஸ்காட்லாந்துக்காக ரக்பி ஆட இறங்கினார். எதிரணி இங்கிலாந்து. அனைத்துலக ரக்பி வரலாற்றில் அது இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டம் அதற்கு முந்தைய ஆண்டுதான் எடின்பரோவில் நடந்திருந்தது. அக்காலத்தில் ஓர் அணியில் இருபது பேர். அன்று ஸ்காட்லாந்து தோற்றது. அந்த இளைஞர் நாட்டுக்காக ரக்பி ஆடியதும் அந்த ஒருமுறைதான்.

அவர் பெயர் லெஸ்லி பால்ஃபர். பிற்காலத்தில் லெஸ்லி பால்ஃபர்-மெல்வில் என்று ஆனது. அந்தப் பெயர் மாற்றத்துக்கும் ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

வேறொரு பாடத்துக்காக விளையாட்டு வரலாறு படித்துக் கொண்டிருந்தபோதுதான் இவர் எனக்கு அறிமுகமானார். முதலில் நான் நம்பவில்லை. ஒரே பெயரில் மூன்று நான்கு பேர் இருந்திருப்பார்கள், யாரோ குழப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஏனென்றால் ரக்பியில் நாட்டுக்கு ஆடிய இதே மனிதர் 1879-இல் ஸ்காட்லாந்து டென்னிஸ் வெற்றியாளர். விம்பிள்டன் போட்டியே அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தொடங்கியிருந்தது. பில்லியர்ட்ஸிலும் ஸ்காட்லாந்து வெற்றியாளர். நீளம் தாண்டுவார். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, பனித்தரையில் கல்லை உருட்டிவிடும் கர்லிங். 1895-இல் கோல்ஃபில் அமெச்சூர் சாம்பியன். இத்தனைக்கும் அவரை ஸ்காட்லாந்து முதலில் நினைவில் வைத்திருப்பது கிரிக்கெட் ஆட்டக்காரராகத்தான்.

ஸ்காட்லாந்தில் கிரிக்கெட்டா என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன். ஆனால் அங்கே அந்த ஆட்டத்துக்கு நல்ல வயதாகிவிட்டது. ஸ்காட்லாந்தில் நடந்ததாகப் பதிவாகியுள்ள முதல் ஆட்டம் 1785-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எடின்பரோவின் கிரேஞ்ச் கழகம் 1832-இல் தொடங்கப்பட்டது. நாட்டுக்கென ஓர் அணி 1865-இல் முதன்முறையாகக் களமிறங்கி, இங்கிலாந்தின் சர்ரி அணியை வென்றது. ஆனால் நாட்டு அணி இருந்ததே தவிர, அதை நடத்த நிலையான ஓர் அமைப்பு இல்லை. 1879-இல் ஒரு சங்கம் தொடங்கி நான்கே ஆண்டுகளில் கலைந்துபோனது. அதற்குப் பின் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டின் கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டது கிரேஞ்ச் கழகம். பால்ஃபர் அந்தக் கழகத்தின் மட்டையாளர். நாட்டு அணியின் தலைவராகவும் பல ஆண்டுகள் இருந்தவர்.

1882-ஐ எடுத்துக்கொள்வோம். கிரிக்கெட் ரசிகர்களுக்கு அந்த ஆண்டு மனப்பாடம். ஆகஸ்டு மாதம் அதே ஓவல் திடலில் ஆஸ்திரேலியா இங்கிலாந்தைத் தோற்கடித்தது. ஸ்போஃபோர்த் ஒருவரே 14 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆங்கில கிரிக்கெட் இறந்துவிட்டது என்று ஒரு வார ஏடு கேலியாக இரங்கல் குறிப்பு வெளியிட, அதிலிருந்து 'ஆஷஸ்' என்ற பெயரே பிறந்தது. ஆனால் அதே சுற்றுப்பயணத்தில் எடின்பரோவில் நடந்ததைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அங்கே ஸ்காட்லாந்து அந்த ஆஸ்திரேலியர்களை 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. பால்ஃபர் எடுத்த ஓட்டங்கள் 73.

அது டெஸ்ட் ஆட்டமல்ல. சாதனைப் பட்டியல்களில் அதற்குப் பெரிய இடமில்லை. இருந்தாலும், இங்கிலாந்தையே தலைகுனிய வைத்த அணியை, சங்கம் தொடங்கி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த ஒரு நாடு தோற்கடித்தது என்றால் அது சாதாரணக் காரியமா? 73 ஓட்டம் இன்று பெரிதாகத் தெரியாமல் போகலாம். அன்றைய ஆடுகளங்கள் இன்றைப்போல் பாய் விரித்ததுபோல் இருக்காது. பந்து எங்கே குத்தி எந்தப் பக்கம் எழும் என்று சொல்ல முடியாது. தலைக்கவசம் என்ற ஒன்றை யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

இப்படி ஒருவர் எப்படி உருவாகிறார்? திறமை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடலாம். பல கட்டுரைகள் அப்படித்தான் செய்கின்றன. எனக்கு அது போதவில்லை.

பால்ஃபர் 1854-இல் எடின்பரோவின் பானிங்டன் பகுதியில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பால்ஃபர் வழக்கறிஞர். வெறும் வழக்கறிஞர் அல்லர். கோல்ஃப் பித்துப் பிடித்தவர். செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் தாம் ஆடிய காலத்தைப் பற்றி 1887-இல் ஒரு நூலே எழுதினார். பழைய கோல்ஃப் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். 1893-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் அருகிலுள்ள மெல்வில் குடும்பத்துப் பண்ணை நிலம் வாரிசுரிமையாக வந்தபோது, அதனுடன் பெயரும் வந்தது. பால்ஃபர், பால்ஃபர்-மெல்வில் ஆனார். பெயரில் ஒரு சிறு கோடு சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு பண்ணையே இருந்தது.

அவர் படித்தது எடின்பரோ அகாடமியில். அப்பள்ளியின் பழைய மாணவர்களுக்கு ரேபர்ன் பிளேஸ் என்ற இடத்தில் சொந்தத் திடல் இருந்தது. உலகின் முதல் அனைத்துலக ரக்பி ஆட்டம் நடந்தது அந்தத் திடலில்தான். கிரேஞ்ச் கழகமும் 1872-இல் அதே வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்தது. ஆக, பள்ளி, ரக்பி திடல், கிரிக்கெட் திடல் எல்லாம் ஒரே சுற்றுவட்டாரம். ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளிப் போனால் கடலோரம் முழுக்க கோல்ஃப். ஆடுவதற்கு நேரம், கட்டணம் கட்டப் பணம், கூட ஆட நண்பர்கள் எல்லாம் இருந்தன. அத்துடன் அபாரமான கண்ணும் கையும் அவருக்கு வாய்த்திருந்தன. கடைசியில் சொன்னதை மட்டும் பாராட்டிவிட்டு மற்றவற்றை மறப்பது நியாயமாகாது என்பது என் கருத்து.

இங்கேதான் 'அமெச்சூர்' என்ற சொல்லை நாம் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. லத்தீனில் 'நேசித்தல்' என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொல் அது. ஆட்டத்தின் மீதுள்ள அன்புக்காக மட்டுமே ஆடுபவர், காசுக்காக ஆடாதவர் என்று பொருள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் அந்தச் சொல் ஒரு வேலியாகவும் இருந்தது.

இங்கிலாந்தின் கிரிக்கெட் திடல்களில் அமெச்சூர்களுக்குத் தனி உடைமாற்று அறை. களத்துக்குள் வரும் வாயிலும் பல இடங்களில் தனி. ஆட்ட அட்டையில் அமெச்சூர் என்றால் பெயரின் முதலெழுத்துகள் முன்னால் வரும். சம்பளத்துக்கு ஆடுபவர் என்றால் பின்னால் வரும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும்கூட, லார்ட்ஸ் திடலில் ஃபிரெட் டிட்மஸ் என்ற இளம் தொழில்முறை ஆட்டக்காரரின் முதலெழுத்துகள் தவறுதலாக முன்னால் அச்சாகிவிட்டன என்பதற்காக ஒலிபெருக்கியில் திருத்தம் சொல்லியிருக்கிறார்கள்! அந்தப் பாகுபாடு 1962-இல்தான் அதிகாரப்பூர்வமாக ஒழிந்தது.

காசு வாங்கக் கூடாது என்ற விதியாவது எல்லாருக்கும் ஒன்றாக இருந்ததா? அதுவும் இல்லை. டபிள்யூ.ஜி. கிரேஸ் அமெச்சூர்தான். ஆனால் 1891-92 ஆஸ்திரேலியப் பயணத்துக்காக அவருக்குக் கொடுக்கப்பட்ட தொகை 3,000 பவுண்டு. அதே அணியில் சம்பளத்துக்கு ஆடிய தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தொகையைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.

கோல்ஃபில் நடந்தது இதைவிட வேடிக்கை. 1885-இல் ஹாய்லேக் என்ற இடத்தில் முதன்முறையாக அமெச்சூர் போட்டி ஏற்பாடானது. டக்ளஸ் ரோலண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கலந்துகொள்ளப் பெயர் கொடுத்தார். கல்தச்சர் வேலை செய்தவர். பந்தை அடித்தால் யாரும் எட்டாத தூரம் போகும். முந்தைய ஆண்டு ஓப்பன் போட்டியில் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டு, அதற்கான பரிசுப் பணத்தையும் வாங்கிக்கொண்டிருந்தார். பணம் வாங்கியதால் நீங்கள் அமெச்சூர் இல்லை என்று அவரைத் தடுத்துவிட்டார்கள். சரி, விதி விதிதான் என்கிறீர்களா? அதே ஹாய்லேக் ஊர்க்காரரான ஜான் பாலும் பதினாறு வயதில், 1878 ஓப்பன் போட்டியில் பத்து ஷில்லிங் பரிசு வாங்கியவர். அவருக்கு அனுமதி உண்டு. அது பல ஆண்டுகளுக்கு முந்தைய கதை என்று கணக்கு வைத்தார்கள். இத்தனைக்கும் முன்பு நேருக்கு நேர் நடந்த சவால் ஆட்டத்தில் ஜான் பாலைப் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்தவர் அந்த ரோலண்ட்தான்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பள்ளித் தோழன் நினைவு வந்தது. எங்கள் படிவத்தில் அவனைப்போல் பந்து வீச ஆள் இல்லை. படிவம் ஐந்து முடிந்ததும் குடும்பச் சூழ்நிலையால் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். போன மாதம் பார்த்தபோது இன்னும் விளையாடுகிறாயா என்று கேட்டேன். "லீவு கிடைச்சா ஆடலாம். லீவு எடுத்தா சம்பளத்துல பிடிப்பாங்க. அப்புறம் எங்க ஆடுறது?" என்று சிரித்தான். ஆட்டத்தின் மேல் அவனுக்கு அன்பு குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பால்ஃபர்-மெல்வில் இந்த அநியாயத்தை உருவாக்கியவர் அல்லர். அவர் வேலிக்கு உள்ளே பிறந்தவர், அவ்வளவுதான். உள்ளே பிறந்த எல்லாரும் அவரைப்போல ஆடிவிடவும் இல்லை. அதைப் புரிந்துகொள்ள 1895-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு அமெச்சூர் போட்டி செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே திடலில் இறுதியாட்டம் வரை வந்து ஜானி லெய்ட்லேயிடம் தோற்றவர் பால்ஃபர். இப்போது வயது 41. போட்டியின் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருவர் மோதுவார்கள். பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் குறைந்த அடிகளில் பந்தை உள்ளே தள்ளுபவருக்கு அந்தக் குழி சொந்தம். பதினெட்டும் முடிந்து இருவரும் சமம் என்றால் மீண்டும் முதல் குழிக்கே போவார்கள். அதைத்தான் 19-ஆவது குழி என்பார்கள். அங்கிருந்து யார் முதலில் ஒரு குழியை வெல்கிறாரோ அவருக்கே ஆட்டம்.

செயின்ட் ஆண்ட்ரூஸின் முதல் குழி பார்க்க மிக எளிது. அகலமான புல்வெளி, மேடு பள்ளம் இல்லை, மரம் இல்லை. ஆனால் குழி இருக்கும் புல்தளத்துக்கு நேர் முன்னால் ஸ்வில்கன் என்ற சின்ன ஓடை குறுக்கே போகிறது. ஓடை என்றாலும் வாய்க்கால் அளவுதான். அதைத் தாண்டி, ஆனால் அதிகம் தாண்டாமல் பந்தை இறக்க வேண்டும். இன்றுள்ள மட்டைகளுக்கே அது நடுக்கம் தரும் அடி. அன்று மட்டையின் பிடி ஹிக்கரி மரத்தில் செய்தது. பந்து, மரப்பாலை இறுக்கிச் செய்த கெட்டிப் பந்து. (அந்தப் பாலின் பெயர் கட்டாபெர்ச்சா, நம் மலாய் மொழியின் 'கெத்தா' என்ற சொல் அதற்குள் ஒளிந்திருக்கிறது. மரமும் இந்த வட்டாரத்துக் காடுகளில் வளர்வதுதான்.)

பால்ஃபர்-மெல்வில்லின் கடைசி மூன்று ஆட்டங்களும் 19-ஆவது குழிவரை போயின. மூன்றிலும் எதிராளியின் பந்து அந்த ஓடைக்குள் விழுந்தது. மூன்று முறையும்! அந்த மூவரில் ஒருவர் லாரி ஆக்டர்லோனி. பின்னாளில் 1902-இல் அமெரிக்க ஓப்பனை வென்றவர். இன்னொருவர், இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர், நாம் ஏற்கெனவே சந்தித்த ஜான் பால். அதற்குள் நான்கு முறை இதே அமெச்சூர் பட்டத்தை வென்றிருந்தார். 1890-இல் ஓப்பன் போட்டியையும் வென்று, அப்பட்டத்தைப் பெற்ற முதல் இங்கிலாந்துக்காரர், முதல் அமெச்சூர் என்ற இரண்டு பெருமைகளும் அவருக்கு இருந்தன. அப்படிப்பட்டவரின் பந்தும் ஓடைக்குள் போனது.

அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். எனக்கு முழுதாக அப்படித் தோன்றவில்லை. ஒருமுறை விழுந்தால் அதிர்ஷ்டம். எதிரே நிற்பவர் பதறாமல் இருக்கிறார் என்று தெரிந்தால் நம் கை கொஞ்சம் இறுகும். பூப்பந்தில் 20-20 என்று நின்றிருக்கும் நேரத்தில் சர்வ் போட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். அதற்கு முன் எத்தனையோ விதமான ஆட்டங்களில், எத்தனையோ விதமான நெருக்கடிகளில் நின்று பழகியவர் அவர். அன்றைக்கு ஓடைக்கு இந்தப் பக்கம் நின்றபோது அந்தப் பழக்கம் கைகொடுத்திருக்கும் என்பது என் ஊகம்.

அதன் பிறகு பதவிகள் தாமாக வந்தன. 1906-இல் செயின்ட் ஆண்ட்ரூஸின் புகழ்பெற்ற ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கோல்ஃப் கழகத்தின் தலைவர். ஸ்காட்லாந்து ரக்பி சங்கத்திலும் தலைமைப் பொறுப்பு. 1909-இல் கிரிக்கெட்டுக்கு மீண்டும் ஒரு தேசியச் சங்கம் அமைந்தபோது அதன் தலைவர் பொறுப்பும் அவருக்கே. இந்தப் பகுதியை நான் வேகமாகக் கடக்கிறேன். கூட்டங்களைப் பற்றிப் படிப்பதில் எனக்கு ஆர்வம் வரவில்லை.

அவருடைய மகன் ஜேம்ஸ் எலியட் பால்ஃபர்-மெல்வில். பிறந்தது 1882, தந்தை ஆஸ்திரேலியர்களை எதிர்த்து 73 ஓட்டம் எடுத்த அதே ஆண்டு. அவரும் அமெச்சூர் ஆட்டக்காரர்தான், காற்பந்தும் ஆடுவார். 1913-இல் ஸ்காட்லாந்துக்காகக் கிரிக்கெட் ஆடினார். மறு ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. 1915 செப்டம்பர் 25-ஆம் தேதி பிரான்சின் லூஸ் என்ற ஊரில் பெருந்தாக்குதல் தொடங்கியது. பிரிட்டன் படை முதன்முறையாக விஷவாயுவைப் பயன்படுத்தியது அங்கேதான். சில இடங்களில் காற்று திரும்பி, வாயு அவர்கள் பக்கமே வந்தது. ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகள் முன்னணியில் நின்றன. முதல் நாளிலேயே ஜேம்ஸ் கொல்லப்பட்டார். வயது 33.

லூஸ் நினைவகத்தின் சுவர்களில், கல்லறை அடையாளம் தெரியாத 20,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்தாளர் கிப்ளிங்கின் ஒரே மகனும் அதே போரில், இரண்டு நாள் கழித்து மாண்டார். வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைகளும் கல்தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் அந்த வாரத்தில் ஒன்றாகவே போனார்கள்.

தந்தை அதற்குப் பிறகும் 22 ஆண்டுகள் வாழ்ந்தார். 1937-இல், கோல்ஃப் திடல்களுக்குப் பேர்போன நார்த் பெரிக் என்ற கடலோர ஊரில், 83-ஆவது வயதில் காலமானார். 2002-இல் ஸ்காட்லாந்து விளையாட்டுப் புகழரங்கம் தொடங்கப்பட்டபோது முதல் தொகுதியிலேயே அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

2018 ஜூன் 10-ஆம் தேதி ரேபர்ன் பிளேஸில், கிரேஞ்ச் கழகத்தின் திடலில், ஸ்காட்லாந்து ஒருநாள் ஆட்டத்தில் இங்கிலாந்தைச் சந்தித்தது. அன்று உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அணி இங்கிலாந்து. ஸ்காட்லாந்து 5 விக்கெட்டுக்கு 371 ஓட்டம். கேலம் மெக்லியட் ஆட்டமிழக்காமல் 140. இங்கிலாந்து 365-இல் சுருண்டது. ஆறு ஓட்ட வித்தியாசம். கடைசி விக்கெட் விழுந்ததும் ரசிகர்கள் திடலுக்குள் ஓடிவந்த காணொளியை யூடியூபில் பார்க்கலாம். கடையில் வேலை செய்யும் என் தோழனுக்கு அதை அனுப்பி வைத்தேன். இரவு பதினொன்றரைக்குப் பதில் வந்தது: "அந்தக் கடைசி யார்க்கரைப் பார்த்தியா?"